பன்னிரண்டு நாள் நின்ற பேர்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில், தையல்கடைக்கும் பழக்கடைக்கும் நடுவே இருந்தது ஸவாஹிராவின் கணினி திருத்தும் கடை. அன்று காலை எட்டரைக்கு அதற்குள் நுழைந்தவர் குடையை மடக்கும் முன்பே புலம்பத் தொடங்கிவிட்டார். விரிந்த குடை பட்டு ஒரு கீபோர்டும் திருகாணித் தட்டும் தரைக்குப் போயின. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எனக்கு ஒரு ஆளைக் கண்டுபிடிச்சுத் தரணும் மிஸ். ஆள் காணாமப் போகல. என் மேசைக்கு எதிர்லதான் உக்காந்து அழுதுகிட்டு இருக்கு. ஆனா கம்பியூட்டரு சொல்லுது, அந்தப் புள்ள வேற எங்கயோ இருக்காம்."

ஸவாஹிரா குனிந்து திருகாணிகளைப் பொறுக்கினாள். நாற்பத்தைந்து வயது, பத்து வருடம் கணினி வகுப்பு எடுத்தவள் என்பதால் ஊருக்கே மிஸ். பத்து வருட வகுப்பில் பொறுமை வராவிட்டால் வேறு எங்கும் வராது.

"கொலையா?" என்று மூலையிலிருந்து ஆவலாக ஒரு குரல் கேட்டது. வீரசிங்கத்தின் குரல். ஐம்பத்திரண்டு வயது ஆட்டோக்காரர். ஸவாஹிரா வெளியே திருத்தப் போகும்போதெல்லாம் ஓட்டிப் போவது அவர்தான். ஓட்டுவதோடு துப்பும் துலக்குவதாக அவருக்கு ஒரு நினைப்பு. இதுவரை அவர் துலக்கிய எதுவும் சரியாக வந்ததில்லை என்பது அந்த நினைப்பை அசைக்கவில்லை.

கொலை இல்லை என்று வந்தவர் எரிச்சலோடு சொன்னார். அவர் சிவஞானம், தெமோதரைக்கு மேலேயுள்ள குயில்மலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர். அவர் சொன்னதைப் புலம்பல் நீக்கிச் சுருக்கினால் இவ்வளவுதான். மலையில் வேலை செய்பவர்களுக்குக் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை புத்தகத்தில் பேர் போடுவார். முழு நாள் நின்றால் முழுப்பேர், பாதியில் போனால் அரைப்பேர். இரண்டு மாதத்துக்கு முன் தோட்ட நிர்வாகியான பெரிய துரை, அலுவலக ஆட்களுக்கு இனிமேல் கணினியில்தான் வரவு என்று அறிவித்தார். கணினிக்குள் புகுந்த நேரம் முதல் வெளியேறும் நேரம் வரை வேலை நேரம். இப்போது இளநிலைக் கிளாக்கர் யசோதினியின் பேரில் கணினி காட்டுவது, இடைவிடாமல் பன்னிரண்டு நாள் வேலை. இரவும் பகலும். ஞாயிறும் சேர்த்து. அதில் இரண்டு நாள், அவள் தாயோடு பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"லீவுல இருந்துக்கிட்டு ஆளை வெச்சுப் பொய்ப்பேர் போட்டான்னு தொர சொல்றார். வேலை நிறுத்துற கடிதம் அடிச்சாச்சு. நான்தான் அடிச்சேன். தொர பண்டாரவளைக்குப் போயிருக்கார், நாலு மணிக்கு வந்து கையெழுத்து வைப்பார். அதுக்குள்ள அவ பேர்ல எந்த மெசின்ல யார் இருக்காங்கன்னு தெரியணும்."

"எந்த மெசின் என்டு சேர்வர் காட்டுமே?"

"காட்டுதே. பெக்டரின்னு காட்டுது. நான் ரெண்டு தரம் ஏறிப் போய்ப் பார்த்தேன். பெக்டரி மெசின்ல அந்தப் புள்ள பேரே இல்ல. எனக்கு முட்டி வலி வேற."

ஸவாஹிரா கடைசித் திருகாணியைத் தட்டில் போட்டுவிட்டுச் சால்வையை எடுத்துக்கொண்டாள்.

தெமோதரையைத் தாண்டித் தோட்டப் பாதையில் ஆட்டோ முனகிக்கொண்டு ஏறியது. வழி முழுவதும் வீரசிங்கம் துப்புத் துலக்கினார். பெக்டரியில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், துஷாந்த் என்று ஓர் இளம் அதிகாரி இருக்கிறான் என்று கிளாக்கர் வாய்தவறிச் சொன்னதே அவருக்குப் போதுமாக இருந்தது. பெண் தாயோடு ஆஸ்பத்திரியில். காதலன் அவள் பேரைப் போடுகிறான். வழக்கு முடிந்தது, திரும்பிப் போகலாமா என்றார். பின்னால் இருந்த சிவஞானம், இதே கதையைத்தான் துரையும் சொல்கிறார், அவருக்காவது சம்பளம் தருகிறார்கள் என்றார்.

"மலை என்ன இப்படி மொட்டையா இருக்கு?" என்று ஸவாஹிரா வெளியே பார்த்துக் கேட்டாள். இடப்புறச் சரிவில் பச்சையே இல்லை. முழங்கால் உயரத்துக்கு வெட்டிய குச்சிகள்தான் வரிசை வரிசையாக நின்றன.

"மேல் பிரிவு மிஸ். மூணு வாரமாக் கவ்வாத்து வெட்டுறாங்க. இனித் துளிர் வந்து கொழுந்து எடுக்க மூணு மாசம் ஆகும். கீழ்ப் பிரிவுலதான் இப்ப கொழுந்து," என்றார் சிவஞானம், அதிலும் ஒரு சலிப்போடு.

அலுவலகத்தில் யசோதினி அழுது முடித்து, வீங்கிய கண்களோடு தபால் உறைகளில் முகவரி எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயது. கீழ்ப் பிரிவுத் தொழிலாளர் லயத்திலிருந்து அலுவலக நாற்காலிக்கு வந்த முதல் பெண் அவள்தான். அவளுடைய கணினி அணைக்கப்பட்டு, வயரும் கழற்றப்பட்டு, போலீஸ் பிடித்த வண்டி மாதிரி நின்றது. வயரைக் கழற்றியது சிவஞானம். கழற்றிய பிறகும் அவள் பேர் உள்ளேயே இருப்பதைப் பார்த்துத்தான் அவர் பதுளைக்கு பஸ் ஏறியிருக்கிறார்.

ஸவாஹிரா சேர்வர் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் ஆறு வரிகள். ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயம்: ஆளின் பேர், கணினியின் பேர், எவ்வளவு காலமாக இருக்கிறார், கடைசியாகக் கை வைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று. யசோதினியின் வரியில் கணினி, பெக்டரி. பன்னிரண்டு நாள். கை வைத்து ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். சுவர்க் கடிகாரத்தில் சரியாகப் பதினொன்று.

அவள் குறிப்புப் புத்தகத்தில் அந்த வரியை எழுதினாள். பிறகு இன்னொரு வரியையும் எழுதினாள். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த வீரசிங்கம், அது எதற்கு என்றார்.

"ஒண்டு இண்டைக்கு. மற்றது தேவைப்பட்டா."

"அந்தப் பேரைத் தூக்கி வெளிய போட்டுருங்களேன் மிஸ்," என்று சிவஞானம் கெஞ்சினார். "ஒரு பட்டன்தானே?"

"ஒரு பட்டன்தான். தூக்கிட்டா யார் என்டு தெரியாமப் போயிரும். பழி மட்டும் இந்தப் புள்ளையோட மிஞ்சும்."

வயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்கவும் வழியில்லை. மொத்தத் தோட்டத்துக்கும் வயர் இழுத்தவன் கொழும்புக்குப் போய்விட்டான். எந்த வயர் எங்கே போகிறது என்பது அவன் தலைக்குள் இருந்தது, தலையும் கூடவே போய்விட்டது. தோட்டத்தில் மொத்தம் ஏழு கணினிகள். அலுவலகத்தில் இரண்டு, தொழிற்சாலையில் ஒன்று, மருந்தகத்தில் ஒன்று, ஜெனரேட்டர் உள்ள துரை பங்களாவில் ஒன்று, பறித்த கொழுந்தை நிறுக்கும் மேல் மடுவத்திலும் கீழ் மடுவத்திலும் ஒவ்வொன்று.

தொழிற்சாலையில் துஷாந்த் அவர்களை வரவேற்றான் என்று சொல்ல முடியாது. மூன்றாவது தரமாக அவன் கணினியைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அதோடு, தான் யாருக்கோ காதலன் என்று ஊர் சொல்வது அவன் காதுக்கும் வந்திருந்தது.

"எனக்கும் அவங்களுக்கும் பேச்சே கெடயாது. போன மாசம் ஒரு தடவை பேசினோம். அதுவும் சண்டை, தூள் மூடைக் கணக்கு பிழைன்னு. பாத்துக்குங்க மிஸ், நல்லாப் பாத்துக்குங்க."

ஸவாஹிரா கணினியைப் பார்த்தாள். கைக்கடக்கமான புதுப் பெட்டி. அதன் பேரைத் திறந்து பார்த்தாள்: பெக்டரி-2. பிறகு கணினியை விட்டுவிட்டு மேசையை அதைவிட அதிக நேரம் பார்த்தாள். தேயிலைத் தூள் படிந்த பலகையில் துருப்பிடித்த நான்கு வட்டத் தடங்கள், ஒரு சாணுக்கும் மேல் இடைவெளி விட்டு. புதுப் பெட்டியை அந்தத் தடங்களுக்கு நடுவே வைத்தால் நான்கில் ஒன்றைக்கூடத் தொடாது.

"இது எப்ப வந்தது?"

தெரியாது என்றான். அவன் வேலைக்கு வந்து ஆறு மாதம். வரும்போதே இது இருந்தது.

வெளியே வந்ததும் வீரசிங்கம் தன் காதல் முடிவைக் கைவிட்டு அடுத்ததை எடுத்தார். பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவில் லாப்டாப்போடு தங்கியிருக்கும் வெள்ளைக்காரன் எவனோ ரயில் பாலத்திலிருந்து தோட்டத்துக்குள் புகுந்துவிட்டானாம். அவனுக்கு இளநிலைக் கிளாக்கர் வேலை எதற்கு என்று சிவஞானம் கேட்டார். அதைத்தான் மிஸ் கண்டுபிடிக்கப் போகிறார் என்றார் வீரசிங்கம்.

அலுவலகம் திரும்பியபோது பன்னிரண்டு இருபத்தைந்து. ஸவாஹிரா நேரே சேர்வரிடம் போனாள். யசோதினியின் வரியில், கை வைத்து இருபது நிமிடம்.

"ஒன்பது முப்பத்தைந்து. பன்னிரண்டு ஐந்து," என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். "கிளாக்கரய்யா, பெக்டரியில முந்தி ஒரு பழைய பெட்டி இருந்திச்சா? பெரிசா?"

இருந்தது. புதுசு வந்ததும் பழசைக் கொழுந்து லொறியில் ஏற்றி ஏதோ ஒரு மடுவத்துக்கு அனுப்பியதாக ஞாபகம். மேலா கீழா என்று ஞாபகமில்லை. எழுதி வைக்கவில்லை. பேரை மாற்றினார்களா என்று கேட்டதற்கு, பெட்டிக்குப் பேர் இருக்கிறதே இந்த வழக்கு வந்த பிறகுதான் தெரியும் என்றார்.

"நீங்க மடுவங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டீங்களா?"

"எல்லா இடத்துக்கும் கேட்டேன் மிஸ். நேத்து மொத வேலை அதுதான்."

"என்ன கேட்டீங்க?"

"யசோதினி அங்க இருக்காளான்னு."

"என்ன சொன்னாங்க?"

"இல்லேன்னாங்க."

ஸவாஹிரா சில விநாடி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் எரிச்சலைக் காட்டும் ஒரே விதம் அதுதான் என்று அறிந்த வீரசிங்கம் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

பிறகு அவள் யசோதினியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு நாளைக்கு முன் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அன்று வியாழக்கிழமை. காலையில் மருந்தகத்தில் ஒரு பட்டியல் அடித்தாள், மூடிவிட்டு வந்தாள். பிறகு கீழ் மடுவத்தில் நிறுவைக் கணக்கு மென்பொருளைப் போட்டுக் கொடுக்கப் போனாள். தன் பேரில் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது.

"திரை கறுத்திருச்சு மிஸ். மெசினே நின்னு போச்சு. அதே நேரம் போன் வந்துச்சு, அம்மா விழுந்துட்டாங்கன்னு. அப்படியே ஓடினேன்." அவள் பேனாவை மூடினாள். "அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்த வேலை போனா நான் கொழுந்து எடுக்கப் போவேன், அது ஒண்ணும் இல்ல. ஆனா பொய்ப்பேர் போட்டவன்னு பேர் வாங்கிட்டுப் போக மாட்டேன்."

நாலு மணிக்குக் கீழ் மடுவத்தில் எல்லாரும் கூடவேண்டும் என்று ஸவாஹிரா சொன்னாள். சிவஞானம் மட்டும் சேர்வர் முன்னால் இருக்க வேண்டும். யசோதினியின் வரியில் கை வைத்த நேரம் சைபராகும் அந்த நிமிடமே தனக்குப் போன் எடுக்க வேண்டும். கடைசிக் காட்சியில் தான் இல்லாமல் போவதா என்று சிவஞானம் வருத்தப்பட்டார். முட்டிக்கு நல்லது என்று ஸவாஹிரா சமாதானம் சொன்னாள்.

கீழ் மடுவத்தில் மாலை நிறுவை தொடங்கவிருந்தது. பெண்கள் முதுகுக் கூடைகளோடும் சாக்குகளோடும் வரிசையில் நின்றார்கள். தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை அங்கமுத்து. அறுபதை நெருங்கியவர், காதில் பென்சில், மார்போடு அணைத்த பெரட்டுப் புத்தகம். பெரிய துரை கையில் கடிதத்தோடு வந்து நின்றார். சிங்களவர், முப்பது வருடம் தோட்டத்தில் பேசிய தமிழ் அவருடையது. மெசின் பொய் சொல்லாது, தனக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று தொடங்கினார். துஷாந்த் ஒரு தூணோடும், யசோதினி அதிலிருந்து மிகத் தூரமான தூணோடும் சாய்ந்து நின்றார்கள்.

முதல் சாக்கு தராசில் ஏறியது. அங்கமுத்து எடையைச் சொல்லிப் புத்தகத்தில் குறித்தார். பிறகு திரும்பி, மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த பெரிய பழைய பெட்டியின் முன் குனிந்து ஒற்றை விரலால் எண்ணைத் தட்டினார்.

ஸவாஹிராவின் போன் அடித்தது. சிவஞானத்தின் குரல் வரிசையின் கடைசி வரை கேட்டது: "சைபராயிருச்சு மிஸ்!"

அவள் திரையைச் சுட்டிக் காட்டினாள். மேல் மூலையில் சின்ன எழுத்தில் யசோதினியின் பேர் இருந்தது.

"மெசின் பொய் சொல்லல்ல சேர்," என்றாள். "நாங்கதான் கேள்வியைப் பிழையாக் கேட்டோம். இது பெக்டரியில இருந்த பெட்டி. அங்க மேசையில இதோட கால் தடம் இன்னும் இருக்கு. எடத்தை மாத்தினாங்க, பேரை மாத்தல்ல. எந்த மடுவத்துக்கு வந்தது என்டு யாருக்கும் ஞாபகம் இல்ல. ஆனா இதைத் தொடுறவர் காலையில ஒன்பதரைக்குத் தொடுறார், பன்னிரண்டுக்குத் தொடுறார், நடுவுல ஒரு மணி நேரத்துக்கு மேல தொடவே இல்ல. தோட்டத்துல அந்த நேரங்கள்ல நடக்கிற வேலை கொழுந்து நிறுவைதான். மேல் பிரிவுல மூணு வாரமாக் கவ்வாத்து, அங்க நிறுக்க இலையே இல்ல. அப்ப இந்த மடுவம்தான்."

"கரண்ட் போய் மெசின் நின்னு போச்சுன்னு அந்தப் புள்ள சொல்லிச்சே?" என்றார் வீரசிங்கம். தன் மிஸ்ஸிடமே குறுக்கு விசாரணை செய்யும் பெருமை அவர் முகத்தில் தெரிந்தது.

"நின்டது திரை மட்டும். திரையோட வயர் சுவருக்குப் போகுது பாருங்க. பெட்டியோட வயர் இதுக்குப் போகுது." மேசைக்கடியில் கரண்ட் போனாலும் தாங்கும் பேட்டரிப் பெட்டி ஒன்று இருந்தது. அது போதாதென்று அதோடு ஒரு பழைய லொறி பேட்டரியும் வயர் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. "இதுதான் எனக்கு விளங்காத ஒண்டு. கணக்கப்பிள்ளை ஐயா, இது எதுக்கு?"

அங்கமுத்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"பாப்பாவோட பேர் விழுந்திரக் கூடாதுன்னுதாங்க."

எவருக்கும் விளங்கவில்லை. அவர் துரையைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இனிமேல் ஆபீஸ்காரர்களுக்குக் கணினியில்தான் பேர் என்று பெரட்டில் சொன்னார்கள். அன்று பாப்பா பேரைப் போட்டுவிட்டு வேலை செய்தது, தாய் விழுந்துவிட்டாளென்று ஓடியது. கரண்ட் வந்து திரையைப் போட்டால் பேர் நின்றது. அதை அவர் எடுத்தால் அரைப்பேர் ஆகிவிடும்.

"மலையில ஒரு பொம்பளை புள்ளைக்கு முடியலன்னு பாதியில ஓடினா, நான் பேரை வெட்டினது இல்லீங்க. மத்தவளுக சேர்ந்து அவ பங்கு நிரையை முடிச்சுக் குடுத்துருவாளுக. அதே மாதிரிதான் நெனச்சேன். பேரைப் போட்டவங்கதானே வந்து எடுக்கணும். அடிக்கடி கரண்ட் போகுது, அதான் லொறிக்காரன்கிட்டக் கேட்டு பேட்டரி வாங்கிக் கட்டினேன். பாப்பாவுக்கு இது தெரியாதுங்க. வெட்டுறதுன்னா என் பேரை வெட்டுங்க."

யசோதினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் அந்த மனுசன் பன்னிரண்டு நாளாக இவ்வளவு பாடுபட்டு அவளை வேலையிலிருந்து தூக்கப் பார்த்திருக்கிறார்.

துரை நெற்றியைத் தடவினார். எரிச்சலில் அவர் தமிழும் சிங்களமும் கலந்தது. தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் சட்டம் சட்டம்தான், ஆள் இல்லாமல் பேர் நின்றால் அது பொய்ப்பேர், அப்படியானால் ஒரு கடிதம் போதாது, இரண்டு கடிதம் அடிக்க வேண்டும் என்றார்.

"மூணு சேர்," என்றாள் ஸவாஹிரா.

அவள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, காலையில் எழுதிய இரண்டாவது வரியை அவரிடம் நீட்டினாள். பேர், பெரிய துரை. கணினி, பங்களா. அறுபத்துமூன்று நாள்.

"இந்தச் சட்டம் வந்த நாள்ல நீங்கதான் மொதல்ல பேர் போட்டிருக்கீங்க. பிறகு எடுக்கவே இல்ல. நடுவுல மகளோட கலியாணத்துக்குக் கொழும்புல எத்தின நாள் இருந்தீங்க?"

பத்து நாள். தோட்டம் முழுக்கக் கேக் சாப்பிட்ட கலியாணம் என்பதால் மறுக்கவும் முடியாது. வரிசையின் முன்னால் நின்ற கருப்பம்மா சாக்கை இறக்கி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், தெளிவாகச் சொன்னாள்:

"கணக்கப்புள்ளே, தொரைக்கு ராப்பேரும் சேர்த்துப் போடணும் போல. பாவம், தூங்காம வேலை செஞ்சிருக்காரு."

வரிசை குலுங்கியது. துரை புத்தகத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. கடிதத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பழைய வரவுப் புத்தகத்தை நாளையிலிருந்து மேசையில் வைக்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, வெளியேறுவதற்கு எந்த பட்டன் என்று ஸவாஹிராவிடம் கேட்டார்.

"யசோதினி காட்டுவா சேர்."

யசோதினி பெட்டியின் முன்னால் போய் நின்று மௌஸில் கை வைத்தாள். அங்கமுத்து சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"பாப்பா, மணி நாலு இருவதுதான் ஆகுது. நாலரைக்குத்தான் வேலை முடியும். இப்ப எடுத்தா அரைப்பேரு."

அவள் துரையைப் பார்த்தாள். எல்லாரும் துரையைப் பார்த்தார்கள். முப்பது வருடத் தோட்ட அனுபவமுள்ள அந்த மனிதர், ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, தன் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, ஒரு கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் எல்லாரும் காத்திருந்தார்கள்.